வாழைக் கயரும் வயிற்றோட்டமும்

"கையை நீட்டுங்கோ."

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கைகளை நீட்டினார்கள். முதலில் உள்ளங்கை. நான் "திருப்புங்கோ" என்றதும் புறங்கை. அடிமட்டத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி, ஏதோ பெரிய அதிகாரி மேற்பார்வைக்கு வந்ததுபோல, பிள்ளைகள் வரிசையாக இருந்த பலகை வாங்குகளுக்கிடையே நடந்தேன். நகத்துக்குள் ஊத்தை இருந்தால் அடிமட்டத்தால் மெல்ல ஒரு தட்டு. பலமாக அடித்ததில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம். அடி வாங்கியவர்களுக்கு வேறு ஞாபகம் இருக்கலாம்.

முன்வாங்கில் கார்த்திகா. அவளுடைய கைகளைப் பார்த்தாலே மனம் குளிரும். ஒட்ட வெட்டிய நகம், இளஞ்சிவப்பு உள்ளங்கை. "கெட்டிக்காரி" என்றேன்.

மூன்றாவது வாங்கில் செல்வி. விரல் நுனிகள் பத்தும் கறுப்பு. உள்ளங்கைக் கோடுகளில் யாரோ மையூற்றிய மாதிரி.

"கழுவினனியோ?"

"கழுவிட்டேன் டீச்சர்."

"பிறகு ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"அது போகாது டீச்சர். கயரு."

"போய் இன்னொருக்காக் கழுவிக்கொண்டு வா."

அவள் கிணற்றடிக்குப் போனாள். வந்தாள். கை ஈரமாக இருந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும் அதேதான். வாழையின் பாலைத்தான் கயர் என்கிறோம். கையில் பட்டால் சவர்க்காரத்துக்கும் மசியாது, தோல் தேய்ந்து தானாகத்தான் போகும். செல்வியின் தகப்பன் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்தார். தாய் வாழைப்பூ ஆய்ந்து சந்தைக்குக் கொடுத்தார். விடிந்ததும் தாயோடிருந்து பூ ஆய்ந்துவிட்டுத்தான் எட்டு வயதுச் செல்வி பள்ளிக்கூடம் வருவாள்.

இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் ரீச்சர் ஆன விதம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. யாழ்ப்பாணத்திலிருந்து சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டு வன்னிக்கு வந்த காலம். எங்கள் குடும்பம் விசுவமடுவில் ஒரு காணித்துண்டில் கொட்டில் போட்டுக்கொண்டது. அப்பா, அம்மா, தம்பி, நான். எனக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன், பெறுபேறு எங்கேயோ வழியில் நின்றது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றுக்கு மூன்றாகப் பெருகிவிட்டார்கள். ஆசிரியர்கள் பெருகவில்லை. அதிபர் எங்கள் கொட்டிலுக்குச் சைக்கிளில் வந்து, "பிள்ளை சும்மாதானே இருக்கிறா, மூன்றாம் வகுப்பைப் பார்க்கட்டும்" என்றார். அம்மா எனக்கு முன்னமே "ஓம்" என்றுவிட்டா. இப்படித்தான் நான் தொண்டர் ஆசிரியை ஆனேன். மறுநாள் அம்மாவின் சேலையொன்றை ஏழு ஊசி குத்திக் கட்டிக்கொண்டு போனேன். எட்டாவது ஊசி இருந்திருந்தால் இன்னும் தைரியமாக நடந்திருப்பேன்.

வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒன்று எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்கள் என்னை "ரீச்சர்" என்பார்கள். மற்றது பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களின் பெற்றோர் பல வருடங்களுக்கு முன்பு கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் "டீச்சர்" என்பார்கள். செல்வி அந்த ஐவரில் ஒருத்தி. உண்மையில் நாங்கள்தான் அவர்களுடைய ஊருக்கு நேற்று வந்தவர்கள். ஆனால் எங்கள் நடையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றியிராது.

கொம்பு வைத்த கிருமி

அந்த மாரி முழுக்க ஊரில் வயிற்றோட்டம். மலேரியா ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பிள்ளைகளுக்குக் கைகழுவப் பழக்கவேண்டும் என்று அதிபருக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதிபர் அதை என்னிடம் தந்தார். நான் கரும்பலகையில் ஒரு கிருமி கீறினேன்.

நான் கிருமியைக் கண்டதில்லை. எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது, ஆனால் அது எப்போதும் அலுமாரிக்குள்தான். ஆகவே மனம்போன போக்கில் வரைந்தேன். இரண்டு கொம்பு, முட்டைக்கண், எட்டுக் கால், சுருண்ட வால். சோக்குக் கட்டி மிச்சமிருந்ததால் மீசையும் வைத்தேன்.

"ரீச்சர், அது ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"மீசை இருக்குத்தானேயடா" என்று இன்னொருவன் பதில் சொன்னான்.

"அதுக்கும் அம்மா இருக்கோ ரீச்சர்?"

"அது எங்க இருக்கும் டீச்சர்?"

"கையில" என்றேன். "கழுவாத கையில. கண்ணுக்குத் தெரியாது."

கார்த்திகா எழுந்து நின்றாள். வகுப்பில் முதலாம் பிள்ளை. எதையும் சந்தேகமறத் தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. "கறுப்பாயிருக்கிற கையிலதானே ரீச்சர் இருக்கும்?"

முப்பத்தேழு தலைகள் மூன்றாவது வாங்கின் பக்கம் திரும்பின.

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் ஓம் என்றேன்.

மாடு தின்ற சேட்

இங்கே சவர்க்காரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது ஒரு கதையாகவே தோன்றும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே பொருளாதாரத் தடை வந்துவிட்டது. சவர்க்காரமும் தடைப்பட்ட சாமான்களில் ஒன்று. ஆகவே சனம் பனங்காயால் உடுப்புத் தோய்க்கத் தொடங்கியது. பழுத்த பனங்காயின் களி நன்றாக நுரைக்கும். ஊத்தையும் போகும். ஒரேயொரு தொல்லை, தோய்த்த உடுப்பில் பனம்பழ வாசனை நிற்கும். மாடுகளுக்கு அந்த வாசனை என்றால் உயிர்.

தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போனா. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுப் பசு ஒரு கையை முழுசாகத் தின்றுவிட்டு மற்றக் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் தம்பி கையில்லாத சேட்டோடு பள்ளிக்கூடம் போனான். இரண்டு நாள் கழித்து அவனுடைய கூட்டாளிகள் சிலரும் கையை வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதுதான் மோஸ்தர் என்று நினைத்துவிட்டார்கள்.

வன்னிக்கு வந்த பிறகும் சவர்க்காரம் கண்ணில் படுவது அருமை. எங்காவது ஒரு கட்டி கிடைத்தால் அம்மா அதைத் தையல் நூலால் நாலாக அறுப்பா. கத்தியால் வெட்டினால் தூள் சிந்துமாம். ஆளுக்கொரு துண்டு. நான் என்னுடைய துண்டை ஒரு சிரட்டைக்குள் வைத்து, கொட்டில் கூரையில் செருகி ஒளித்திருந்தேன். எனக்கு அப்போது நெற்றியிலும் கன்னத்திலும் பரு. ஆகவே அந்தத் துண்டு முகத்துக்கு மட்டும். கையெல்லாம் வெறுந்தண்ணீரில்தான்.

காலையில் பிள்ளைகளுக்குக் கைச்சுத்தம் படிப்பித்தது இந்த ரீச்சர்தான்.

பச்சைக் கப்

வகுப்பின் மூலையில் மூன்று கல்லின் மேல் ஒரு மண்பானை இருந்தது. அதன்மேல் ஒரு தகரப் பேணி. தாகமெடுத்த பிள்ளை பேணியால் அள்ளிக் குடித்துவிட்டு வைக்கும்.

நான் கிருமி கீறிய இரண்டு நாளில் கார்த்திகாவின் அம்மா இராசேஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. நல்ல உயரம், நறுக்கான கதை. இடம்பெயர்ந்து வந்த கொட்டிலிலும் முற்றத்தை இரண்டு வேளை கூட்டுகிற மனுசி.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. அந்தக் கறுப்புக் கையை விட்டு அள்ளின பானையில என்ரை பிள்ளை குடிக்கவேணுமோ?"

"அந்தப் பிள்ளை கழுவுறவ அக்கா."

"கழுவினா ஏன் கறுப்பு? நீங்கள்தானே கிருமி இருக்கெண்டு படிப்பிச்சனீங்கள். கார்த்தி வீட்டை வந்து படமும் கீறிக் காட்டினவள். மீசையெல்லாம் வச்சு."

யாரையும் நோகடிக்காத மாதிரி, அதேநேரம் இராசேஸ் அக்காவையும் சமாளிக்கிற மாதிரி ஒரு வழி யோசித்தேன். அப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிற வழிகள் பெரும்பாலும் யாராவது ஒருவரை நன்றாகவே நோகடிக்கும்.

மறுநாள் இரண்டு சட்டம் போட்டேன். முதலாவது, பிள்ளைகள் யாரும் பானையில் கை வைக்கக்கூடாது. நானே அள்ளி ஊற்றுவேன். இரண்டாவது, குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் தனியாக ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் கப். அவர்கள் கடைசியாகத்தான் குடிக்கவேண்டும். "வடிவாக் கழுவிப் பழகுமட்டும்தான்" என்று குரலை இனிப்பாக்கிச் சொன்னேன். ஐந்து பேரில் நாலு பேருடைய கையில் எந்தக் கறுப்பும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை.

செல்வி அந்தக் கப்பைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள்.

அடுத்த நாள் அவளும் மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு போத்தலோடு வந்தார்கள். உள்ளே கடுஞ்சிவப்பாக ஏதோ இருந்தது.

"என்னது?"

"சாயத்தண்ணி டீச்சர்" என்றாள் செல்வி. பால் விடாத வெறும் தேநீர். தாய்மார் கொதிக்கவைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பானைப் பக்கம் அந்த ஐவரும் அதற்குப் பிறகு வரவேயில்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று எனக்குள் சந்தோசப்பட்டேன்.

வெறும் வாங்குகள்

அடுத்த கிழமை எனக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. வேலிக் கரையிலிருந்த மலசல கூடத்துக்கும் கொட்டிலுக்குமாக நடந்தேன். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் நிற்கவில்லை. தொண்டர் ஆசிரியை என்றாலும் கடமை கடமைதானே. சேலையைக் கட்டிக்கொண்டு, முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு போனேன். பானையிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினேன். தண்ணீர் குறையக் குறையக் கை முழங்கை வரை உள்ளே போகும்.

வெள்ளிக்கிழமை ஆறு பேர் வரவில்லை. திங்கட்கிழமை பதின்மூன்று பேர். செவ்வாய்க்கிழமை நான் கையை நீட்டச் சொன்னபோது பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

அன்று மத்தியானம் கார்த்திகாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் வேலியடியில் நின்று பார்த்தேன். தகப்பன் சைக்கிளை மிதிக்க, பின் கரியரில் இராசேஸ் அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தா. பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. கால் இரண்டும் சில்லுப் பக்கம் துவண்டு தொங்கின. அந்த முறிந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கால்கள் ஆடின.

சாயங்காலம் இராசேஸ் அக்கா அதிபரிடம் வந்து கதைத்தா. கொட்டில் பள்ளிக்கூடத்தில் சுவரென்று ஒன்று இல்லாததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"சேலைன் ஏத்திக்கொண்டு இருக்கு சேர். டொக்டர் இன்னும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்தப் பிள்ளையளை வேற கொட்டிலுக்கு மாத்துங்கோ. நாங்களே கூரைக்குக் கிடுகு தாறம், தடி தாறம்."

"பாப்பம்" என்றார் அதிபர். எதற்கும் அவர் "பாப்பம்" என்பவர். ஆனால் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைக்க ஒத்துக்கொண்டார்.

அவர் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி

புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்தேன். வந்தது இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஒரு மெலிந்த பொடியன், வேலைக்கு வந்து சில மாதம்தான். சைக்கிளை நிறுத்தும்போது அது இரண்டு தரம் விழுந்தது. வாசகர்கள் அவசரப்பட்டு எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அவருக்கு ஓமந்தையில் பெண் பேசி முடித்திருந்தது, அதை வந்த பத்தாவது நிமிடமே எங்களுக்குச் சொல்லிவிட்டார்.

கிணற்றைப் பார்த்தார், குளோரின் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாலாம் வகுப்பும் இந்தக் கிணத்துத் தண்ணிதானே குடிக்கினம்?"

"ஓம்."

"அவையில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையாம். உங்கட வகுப்பில மட்டும்தான்." தலையைச் சொறிந்தார். "வரவு இடாப்பைத் தாங்கோ பாப்பம்."

வராதவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். பிறகு வந்திருந்தவர்களைப் பார்த்தார். மூன்றாவது வாங்கில் ஐந்து போத்தல் நின்றது.

"அதென்ன போத்தில் தங்கச்சி?"

"சாயத்தண்ணிங்க" என்றாள் செல்வி.

"பானைத் தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"இல்லீங்க. அம்மா வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

செல்வி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் சொன்னாள்.

"பச்சைக் கப்புல தர்ற தண்ணி நமக்கு எதுக்குன்னு சொன்னாங்க."

பரிசோதகர் பானையடிக்குப் போனார். பேணியைப் பார்த்தார், பச்சைக் கப்பைப் பார்த்தார். "இந்த அஞ்சு பேரிலயும் ஒருத்தருக்கும் வயித்தோட்ட வருத்தமில்லை. வருத்தம் வந்த எல்லாரும் பானையில குடிச்சவை. பானைக்குள்ள ஆர் ரீச்சர் கை வைக்கிறது?"

"ஒருத்தரையும் விடுறேல்லை" என்றேன் பெருமையாக. "நான் மட்டும்தான்..."

பாதிச் சொல்லில் என்னுடைய குரல் எனக்கே கேட்டது.

அவர் வெளியே நின்ற பனையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "ரீச்சர், போன கிழமை... உங்களுக்கு... ஏதும் சுகமில்லாமல்..."

"ரெண்டு நாள்" என்றேன்.

"அப்ப... வெளிக்குப் போட்டு வந்து... சவர்க்காரம் ஏதும்..."

"முகத்துக்கு மட்டும்தான் போடுறனான்."

இருவரும் பனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பனையை அவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார். "பானையில அள்ளுறதை நிப்பாட்டுங்கோ. சவர்க்காரம் இல்லாட்டி அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ச்சாலும் காணும். நான் அறிக்கையில தண்ணி பரிமாறின விதம் பிழை எண்டு எழுதுறன். ஆர் எண்டு எழுதவேண்டிய தேவையில்லை."

நல்ல மனிதர். ஆனால் எனக்கு அந்த நன்மை ஒரு பாரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வரை

வியாழக்கிழமை முழுக்க யோசித்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. தொண்டராக இருந்தால் நாளைக்கு நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று அப்பா கனவு கண்டுகொண்டிருந்தார். வாய் திறந்தால் அது போய்விடும். ஆனால் சொல்லாவிட்டால் ஐந்து பிள்ளைகளும் வேறு கொட்டிலுக்குப் போவார்கள். இடையிடையே கார்த்திகாவின் கால்கள் கண்ணுக்குள் வந்தன. அன்று பின்னேரம்தான் ஆசுப்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டதாம். கொட்டிலின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பாலைமர நிழலில் கூட்டம். தம்பி ஐந்தாம் வகுப்பில் படித்ததால் என் அம்மாவும் வந்திருந்தா. குடியேற்றத் திட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, எல்லோருக்கும் கூலி வேலை. இராசேஸ் அக்கா எழும்பி வேறு கொட்டிலைப் பற்றிச் சொன்னா. பலர் தலையாட்டினார்கள்.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "ரீச்சர் ஏதும் சொல்லுறீங்களோ?"

எழும்பினேன்.

"அந்தப் பிள்ளையளால இல்லை. என்னாலதான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே முழுவதையும் சொன்னேன். வயிறு, மலசல கூடம், முகத்துக்குப் போட்ட சவர்க்காரம், பானைக்குள் போன கை. பத்தொன்பது வயதுக் குமர்ப்பிள்ளை ஊர்ச் சனத்துக்கு முன்னால் இதையெல்லாம் விபரமாகச் சொன்னால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டா.

இராசேஸ் அக்கா நின்றபடியே கேட்டா. "என்ரை பிள்ளை செத்திருந்தா?"

அவ என் கைகளைப் பார்த்தா. பிறகு திரும்பவும் கேட்டா.

"அப்ப அந்தப் பெட்டையின்ரை கை?"

"அது வாழைக் கயர் அக்கா. ஊத்தை இல்லை. அவ ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் கழுவினவ. நான்தான் கழுவேல்லை."

அவ நின்ற இடத்திலேயே கீழே இருந்துவிட்டா. வேறு கொட்டிலைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கவேயில்லை. பின்னால் ஒருவர் இந்த ரீச்சரை நிற்பாட்ட வேண்டும் என்றார். அதிபர் முதன்முறையாகப் "பாப்பம்" என்று சொல்லாமல், "அப்ப திங்கக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு நீங்கள் வாறீங்களோ?" என்று கேட்டார். அந்த மனிதர் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டா. "உதையெல்லாம் இவ்வளவு விபரமாச் சொல்லவேணுமே? இனி ஆர் உன்னைக் கட்டப்போறான்?" கொஞ்சத் தூரம் போனதும், "சொன்னது சரிதான்" என்றா.

செல்வி வீட்டில்

சனிக்கிழமை குடியேற்றத் திட்டத்துக்குப் போனேன். செல்வியின் அம்மா பாக்கியம் வாசலில் வாழைப்பூக் குவியலுக்கு நடுவில் இருந்தார். பக்கத்தில் செல்வி. இரண்டு பேருடைய கையும் ஒரே கறுப்பு.

"வாங்க டீச்சர். உக்காருங்க" என்று சாக்கை விரித்தார். குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை.

வழியில் ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்புவித்தேன். நான் செய்தது பிழை, பச்சைக் கப் வைத்தது பெரிய பிழை, மன்னிக்கவேண்டும் என்று. பாக்கியம் ஆய்வதை நிறுத்தாமல் கேட்டார்.

"நாங்க மலையிலயிருந்து வந்த நாள்லயிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் டீச்சர். இது ஒண்ணும் புதுசில்ல. ஆனா எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கப்பு எனக்கா வச்சீங்க? இந்தா இருக்கா, அவகிட்ட சொல்லுங்க."

பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் பழகியிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது எப்படியென்று எந்தப் பாடத்திலும் இல்லை. அவளுக்கு முன்னால் குந்தினேன்.

"செல்வி, உன்ரை கையில கிருமி இருக்கேல்லை. என்ரை கையிலதான் இருந்தது. உன்னைக் கடைசியாக் குடிக்கச் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் ஆய்ந்துகொண்டேயிருந்தார். பிறகு என்னைப் பார்த்து யோசித்தாள்.

"அப்ப நான் மொதல்ல குடிக்கலாமா டீச்சர்?"

"குடிக்கலாம்."

திங்கட்கிழமை வகுப்பு மூலையில் பானை இல்லை. அதிபரும் ஒரு தகப்பனும் சேர்ந்து, மூடியுள்ள வெள்ளைப் பிளாஸ்ரிக் கான் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, சின்னக் குழாயொன்று பொருத்தியிருந்தார்கள். தண்ணீருக்குள் யாருடைய கையும் போகாது. வாசலில் இன்னொரு கானும் சிரட்டை நிறையச் சாம்பலும். பிறகு கார்த்திகா எலும்பும் தோலுமாக வந்து, தனக்குச் சேலைன் ஏற்றிய இடத்தை வகுப்பு முழுவதுக்கும் காட்டிப் பெருமையடித்த நாளில், இராசேஸ் அக்கா அரித்தெடுத்த சாம்பல் ஒரு பை கொடுத்துவிட்டிருந்தா. என்னோடு சிரிப்பதற்கு அவவுக்கு இன்னும் ஒரு வருசம் எடுத்தது.

அந்தத் திங்கட்கிழமை இடைவேளை மணியடித்தது. பிள்ளைகள் சாம்பல் போட்டுக் கழுவி வரிசையில் நின்றார்கள். நானும் கழுவினேன், எல்லோரும் பார்க்க, முழங்கை வரை.

செல்வி முன்னால் வந்தாள். சாயத்தண்ணிப் போத்தல் நிறைந்தபடியே வாங்கில் நின்றது. பேணியைக் குழாயடியில் பிடித்து நிரப்பினாள். நின்றபடி, அவசரப்படாமல் மிக ஆறுதலாக, மிடறு மிடறாகக் குடித்தாள். வரிசை காத்துக்கொண்டு நின்றது. பேணி வெறுமையானதும் இன்னொரு தரம் நிரப்பினாள். அதையும் அதே ஆறுதலோடு குடித்தாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முறுமுறுக்கவில்லை.

மூன்றாவது பேணியைப் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்தாள்.

"குடி பிள்ளை" என்றேன்.

மிச்சத்தையும் குடித்து முடித்தாள். அவளுக்குத் தாகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.